வேலையிடத்தின் மொழி: ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பருவத்தைப் பார்த்து முடித்தபின்

அமெரிக்கத் தொலைக்காட்சி உலகில் 'சீசன்' என்னும் சொல்லுக்கு நெடுங்காலம் தெளிவான பொருள் ஒன்று இருந்தது. செப்டம்பர் இறுதியில் தொடர்கள் தொடங்கும். மே மாதத்தில் நிறைவடையும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி முதலிய அலைவரிசைகளில் ஒரு தொடர் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 பகுதிகளைத் தரும். இணையத் தளங்களின் வருகைக்குப் பின் அந்த நாட்காட்டி குலைந்தது. எட்டே பகுதிகள் கொண்டதும் இன்று ஒரு சீசன். மூன்றாண்டு மௌனத்திற்குப் பின் வருவதும் 'அடுத்த சீசன்'. இருப்பினும் 2024 இலையுதிர் காலம் முதல் 2025 மே வரையிலான வெளியீடுகளை ஒரு பருவமாகக் கொண்டு பேச இடமுண்டு. 2025 செப்டம்பர் 14 அன்று எம்மி விருதுகள் வழங்கப்பட்டதோடு அப்பருவத்தின் கணக்கும் முடிந்தது.

இந்தியப் பல்கலைக்கழக விடுதி ஒன்றின் அறையில், மடிக்கணினித் திரையில், சப்டைட்டிலின் துணையோடு இத்தொடர்களைப் பார்த்து முடித்த ஆய்வு மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். மொழியியல் அவருடைய துறை என்றும் வைத்துக்கொள்ளலாம். கதைத் திருப்பங்களும் ஒளிப்பதிவும் சில வாரங்களில் நினைவிலிருந்து நழுவிவிட, அவருக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பேச்சுகள்: மருத்துவமனையில் மருத்துவர்கள் பேசியவை, அலுவலகத்தில் மேலாளர் பேசக்கூடாது எனத் தடுக்கப்பட்டவை, கூட்ட அறையில் அதிகாரிகள் பேசி முடிவெடுத்தவை. இப்பருவத்தின் சிறந்த தொடர்கள் அனைத்தும் வேலையிடத்தைப் பற்றியவை. வேலையிடத்தின் மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒரு தொடர் எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறதோ, அவ்வளவுக்கு அது சிறந்திருக்கிறது. பலவீனமான தொடர்கள் பலவீனப்படுவதும் அந்தக் கேள்வியைக் கைவிடும் இடத்தில்தான்.

முதலில் 'தி பிட்'. மேக்ஸ் தளத்தில் 2025 ஜனவரி 9 முதல் ஏப்ரல் 10 வரை வெளியான இத்தொடரின் 15 பகுதிகளும் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நாளில் நிகழ்கின்றன. ஒரு பகுதிக்கு ஒரு மணி நேரம். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் பணி இரவு வரை நீள்கிறது. ஆர். ஸ்காட் கெமில் உருவாக்கிய இத்தொடரில் நோவா வைல் முதன்மை மருத்துவர் ராபியாக நடிக்கிறார். 1994 முதல் 2009 வரை என்பிசியில் 15 சீசன்கள் ஓடிய 'ஈ.ஆர்.' தொடரில் இளம் மருத்துவ மாணவராக அறிமுகமானவரும் இவரே. அன்று கற்றுக்கொள்பவராக வந்தவர் இன்று கற்றுக்கொடுப்பவராக வருவதை அறிந்த பார்வையாளருக்கு அது தனி நிறைவைத் தரும்.

இத்தொடரில் மருத்துவக் கலைச்சொற்களுக்குப் பெரும்பாலும் விளக்கம் தரப்படுவதில்லை. மருந்துகளின் பெயர்கள், அளவுகள், கருவிகளின் சுருக்கப் பெயர்கள் ஆகியவை மூச்சுவிடாமல் வந்து விழுகின்றன. முதல் இரண்டு பகுதிகளில் பார்வையாளர் திணறுகிறார். ஐந்தாம் பகுதிக்குள் அவருக்குச் சொற்பொருள் தெரியாவிட்டாலும் சொல்லின் அவசரம் புரியத் தொடங்குகிறது. எந்தச் சொல் வந்தால் அறையில் உள்ள முகங்கள் மாறும் என்பதை அவர் கற்றுக்கொள்கிறார். குழந்தை மொழியைக் கற்பதும், புதிய தொழிலாளி பட்டறையின் பேச்சைக் கற்பதும் ஏறத்தாழ இப்படித்தான். அன்றைக்கு முதன்முதலாகப் பணிக்கு வரும் மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கதையில் வைத்திருப்பதன் பயனும் இதுவே. அவர்களோடு சேர்ந்து பார்வையாளரும் அந்தச் சமூகத்திற்குள் நுழைகிறார்.

அந்தக் கலைச்சொல் வெள்ளத்தின் நடுவே எளிய சொற்கள் வரும்போது அவற்றின் எடை கூடுகிறது. இறக்கும் தறுவாயில் இருக்கும் முதியவரின் மகனும் மகளும் என்ன பேசுவதென அறியாமல் நிற்கையில், ராபி அவர்களுக்கு ஹவாய் மரபிலிருந்து நான்கு சிறு தொடர்களைச் சொல்லித்தருகிறார்: அன்பு, நன்றி, மன்னிப்பு அளித்தல், மன்னிப்பு கேட்டல். அவற்றைத் தமக்குக் கற்பித்தவர் தம் ஆசிரியர் என்கிறார். அந்த ஆசிரியர் கோவிட் காலத்தில் இறந்தவர். கதை நிகழும் நாளே அவருடைய நினைவு நாள். ஆக, அந்த நான்கு தொடர்களும் அம்மருத்துவமனையின் தொழில்மொழியில் ஒரு பகுதியாகவே ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கடத்தப்பட்டு வந்திருக்கின்றன. சாவை அறிவிக்கும் சொல்லும் சிகிச்சை முறையைப் போலப் பயின்று பெறவேண்டிய ஒன்று என்பதை இதைவிடச் செறிவாகக் காட்டிய காட்சி அண்மைத் தொலைக்காட்சியில் அரிது.

மொழி தெரியாத நிலையையும் தொடர் மறைப்பதில்லை. தொடக்கப் பகுதிகளில் ரயில் தண்டவாளத்தில் தள்ளப்பட்டுக் கால் சிதைந்த நிலையில் பெண் ஒருவர் கொண்டுவரப்படுகிறார். அவர் கதறும் மொழி எதுவென அங்கு எவருக்கும் தெரியவில்லை. அது நேபாளி எனக் கண்டறிந்த பிறகே அவரை ஒரு மனிதராகப் பெயர்சொல்லி அழைக்க முடிகிறது. மற்றோர் இடத்தில் பிலிப்பைன்ஸ் வழிவந்த இரு செவிலியர் தகாலோக் மொழியில் மருத்துவர்களைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதிகாரம் இல்லாதவர்களுக்குத் தனி மொழி ஒரு மறைவிடம் என்பதைச் சிரிப்போடு சொல்லும் இடம் அது. இசைவிழா ஒன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் காயமுற்றோர் கூட்டங்கூட்டமாக வந்து சேரும்போது, பேச்சுக்கே நேரமில்லாமல் போய், நோயாளிகளின் மணிக்கட்டில் மாட்டப்படும் வண்ணப் பட்டைகள் மொழியின் இடத்தைப் பிடிக்கின்றன. இறுதியில் ராபியே உடைந்து, பிணங்களுக்கு நடுவே தரையில் அமர்ந்து, எபிரேய மொழியில் யூதர்களின் ஷெமா வழிபாட்டை முணுமுணுக்கிறார். பதின்மூன்று மணி நேரம் அவரைத் தாங்கிய தொழில்மொழி கைவிட்டபின், இளமையில் மனனம் செய்த மொழி வந்து தாங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. தடுப்பூசி மறுப்பு போன்ற பொதுப் பிரச்சினைகளைத் தொடும்போது பாத்திரங்கள் சுகாதாரத் துறையின் துண்டுப் பிரசுரம் போலப் பேசத் தொடங்குகிறார்கள். கருத்து சரியானதே; ஆனால் அந்தக் கணங்களில் பேசுபவர் வார்டில் நிற்கும் மருத்துவராக இல்லாமல், பார்வையாளருக்குப் பாடம் நடத்தும் எழுத்தாளராக ஒலிக்கிறார்.

இரண்டாவது 'செவரன்ஸ்'. ஆப்பிள் தளத்தில் முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது. இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. லூமன் என்னும் நிறுவனத்தின் ஒரு தளத்தில் பணிபுரிவோர் மூளையில் அறுவை செய்துகொள்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கும்போது வெளியுலக நினைவு இராது. வெளியே சென்றால் அலுவலக நினைவு இராது. உள்ளே பிறந்த அந்த 'உள்மனிதருக்கு' நிறுவனம் கொடுத்த சொற்களே உலகம். நிறுவனரின் வாக்குகள் அவருக்கு வேதம்; பணியாளர் கையேடே அவருக்கு அறநூல்.

இந்தச் சீசனின் உயரம் முதன்மைப் பாத்திரமான மார்க்கின் கதையில் இல்லை. டிரமெல் டில்மன் நடித்த மில்சிக் என்னும் மேலாளரிடம் இருக்கிறது. மில்சிக் கருப்பினத்தவர்; நினைவுப் பிரிப்புக்கு உட்படாதவர்; நிறுவனத்தை முழுமையாக நம்புபவர். அவருடைய பேச்சு நீண்ட வாக்கியங்களும் அருஞ்சொற்களும் நிறைந்தது. பணி மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் பெரிய பெரிய சொற்களைப் பயன்படுத்துகிறார் என்பது. மற்றொன்று, காகிதக் கவ்விகளைத் தவறான பக்கத்தில் மாட்டுகிறார் என்பது. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தொனியில் வாசிக்கப்படுகின்றன. பின்னர் அவர் தனியே கண்ணாடி முன் நின்று, தாம் சொன்ன நீண்ட வாக்கியமொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுருக்குகிறார். ஒவ்வொரு முறையும் சில சொற்கள் உதிர்கின்றன. கடைசியில் ஒற்றைச் சொல் மட்டுமே மிஞ்சுகிறது. அக்காட்சியில் வன்முறை ஏதும் இல்லை. ஆயினும் சீசன் முழுவதிலும் மிகக் கொடிய காட்சி அதுவே.

சமூக மொழியியல் படித்தவர்க்கு இங்கு வில்லியம் லபோவ் நினைவுக்கு வருவார். இப்பருவம் நடந்துகொண்டிருந்தபோது, 2024 டிசம்பர் 17 அன்று, 97ஆம் வயதில் அவர் காலமானார். நியூயார்க்கின் மூன்று பேரங்காடிகளில் விற்பனைப் பணியாளர்களிடம் நான்காம் தளத்தில் உள்ள பொருள் எங்கே எனக் கேட்டு, அவர்கள் 'ர்' ஒலியை உச்சரிக்கும் விதத்தைக் குறித்துக்கொண்ட அவரது ஆய்வு, வேலையிடத்தின் தரம் பணியாளரின் நாவில் ஏறி அமர்வதைக் காட்டியது. 1969 இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கருப்பினச் சிறுவர்களின் பேச்சு குறைபாடுடையது என்ற அன்றைய கல்வியாளர் கருத்தை மறுத்தது. மில்சிக்கின் நிலை இதன் மறுபக்கம். அவர் மொழி குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை; மிகுந்துவிட்டது என்கிறார்கள். தாழ்ந்தால் தகுதியில்லை, உயர்ந்தால் அடக்கமில்லை. எந்தத் திசையில் நகர்ந்தாலும் குற்றம் பேசுபவரிடமே வந்து சேர்கிறது என்றால், புகார் உண்மையில் மொழியைப் பற்றியதன்று என்பது விளங்கும். இதே சீசனில் நிர்வாகம் அவருக்கு, வெள்ளையரான நிறுவனரைக் கருப்பினத்தவராக மாற்றி வரைந்த ஓவியங்களைப் பரிசாக அனுப்பியிருக்கிறது. அவருக்கு முகத்தைக் கொடுக்க முன்வரும் நிறுவனம் சொற்களைக் கொடுக்க மறுக்கிறது.

விடுதி அறையில் இதைப் பார்ப்பவர் வெறும் பார்வையாளராக இருக்க முடிவதில்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கை எழுதுபவர் அவர். கிராமத்துப் பள்ளியில் தாய்மொழி வழியில் பயின்று வந்த மாணவர் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் 'கல்விப்புல நடை போதாது' என்ற குறிப்பு வருகிறது. ஓராண்டு முயன்று அந்த நடையைக் கற்று எழுதினால் 'இது உன் சொந்த வாக்கியமா?' என்ற ஐயம் வருகிறது. இரண்டாவது கேள்வி முதலாவதைவிட வலிக்கும். உயர்நடை ஒருவருக்கு உரிமையாகவும் மற்றவருக்கு இரவலாகவும் கருதப்படும் இடத்தில், கற்றல் என்பதே சந்தேகத்திற்குரிய செயலாகிவிடுகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. செந்தமிழில் ஒருவர் பேசினால் புலமை என்பதும், இன்னொருவர் பேசினால் நாடகம் என்பதும் பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

மில்சிக் இறுதிவரை பணிந்துவிடவில்லை. பின்னொரு பகுதியில் மேலதிகாரி அவரைச் சிறுமைப்படுத்தும்போது, தெருவில் வழங்கும் வசையொன்றை மிக உயர்ந்த சொற்களில் பெயர்த்து அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். பறிக்கப்பட்ட சொற்களைக் கொண்டே அவர் எதிர்க்கிறார். டில்மனுக்குச் சிறந்த துணை நடிகருக்கான எம்மி கிடைத்தது. நாடகத் தொடர் பிரிவில் அவ்விருதைப் பெற்ற முதல் கருப்பின நடிகர் அவர். மேடையில் அவர் நன்றி சொன்னது தம் முதல் நடிப்பு ஆசிரியரான தாய்க்கு.

ஆனால் தொடர் முழுவதும் இந்தக் கூர்மை இல்லை. மர்மங்களைச் சேமித்து வைப்பதில் அதற்கு இருக்கும் ஆர்வம் மனிதர்களிடம் எப்போதும் இல்லை. எட்டாம் பகுதி முழுவதையும் கோபெல் என்னும் ஒரே பாத்திரத்தின் ஊர்ப் பயணத்திற்குக் கொடுத்தது துணிவுதான்; எனினும் மூன்றாண்டு காத்திருந்தவருக்கு அது விடைகளைத் தள்ளிப்போடும் உத்தியாகவே படும்.

மூன்றாவது, விண்வெளிக் கதையாயினும் அலுவலகக் கதையாகவே நிலைக்கும் 'ஆண்டோர்'. டோனி கில்ராய் உருவாக்கிய இதன் இரண்டாம் சீசன் 2025 ஏப்ரல் 22 முதல் மே 13 வரை வாரத்திற்கு மூன்று பகுதிகளாக வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் ஒளிவாளும் மாயசக்தியும் இவ்வளவு குறைவாக உள்ள படைப்பு வேறில்லை. முதல் பகுதியிலேயே, கோர்மன் என்னும் கோளின் நிலத்தடிக் கனிமத்திற்காக அதன் மக்களை அழிப்பது பற்றி ஓர் ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது. எவரும் குரல் உயர்த்துவதில்லை. பரப்புரைத் துறையினர் இருவர், அம்மக்களைச் செருக்குள்ளவர்களாகப் பிற கோள்களுக்குக் காட்டுவது எப்படி என உற்சாகத்துடன் விளக்குகிறார்கள். 1942 ஜனவரியில் பெர்லினின் வான்ஸே ஏரிக்கரை மாளிகையில் நாஜி அதிகாரிகள் பதினைந்து பேர் கூடிய கூட்டம் நினைவுக்கு வராமல் இராது. அழிவு முதலில் நிகழ்ச்சி நிரலாக எழுதப்பட்டு, அதன்பின்தான் நிகழ்கிறது.

கோர்மன் மக்களுக்கெனத் தனி மொழியொன்றை இத்தொடருக்காக உருவாக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்கையில் பிரெஞ்சின் சாயல் தெரியும். அது அலங்காரத்திற்காக வைக்கப்பட்டதன்று. சதுக்கத்தில் சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன் அம்மக்கள் தம் நாட்டுப் பாடலை அம்மொழியிலேயே பாடுகிறார்கள். அதே வேளையில் செய்தியாளர்கள் பேரரசின் மொழியில் அவர்களைத் தாக்குதல்காரர்களாக வருணிக்கிறார்கள். பார்வையாளரின் காதில் இரண்டும் ஒருசேர விழுகின்றன. அடுத்த பகுதியில் மோன் மாத்மா செனட்டில் எழுந்து, நடந்ததை இனப்படுகொலை எனப் பெயரிட்டு அழைக்கிறார். போர்க்களத்தில் நிகழவேண்டிய உச்சக்கட்டம் ஒரு சொல்லை உச்சரிப்பதில் நிகழ்கிறது. அச்சொல்லை எப்போது, யார், எந்த அவையில் சொல்லலாம் என்ற வாதம் இன்றைய உலகிலும் நடப்பதால், அக்காட்சியைக் கற்பனைக் கதையாக மட்டும் பார்த்துவிட்டுச் செல்ல முடியாது. எழுத்துக்கான எம்மி அந்தப் பகுதிக்கு, அதை எழுதிய டான் கில்ராய்க்குக் கிடைத்தது பொருத்தமே. குறை என்றால் அவசரம்தான். மூன்று பகுதிகளுக்கு ஓராண்டு வீதம் கதை தாவுவதால், சிலருடைய இறப்பைத் துக்கிக்கவும் அவகாசமில்லை.

இதற்கு நேரெதிர் 'தி ஒயிட் லோட்டஸ்'. எச்பிஓவின் இத்தொடர் மூன்றாம் சீசனில் தாய்லாந்தின் சொகுசு விடுதிக்குச் சென்றது. வட கரோலினாவிலிருந்து வரும் செல்வக் குடும்பத்தின் தலைவியாக பார்க்கர் போசி தெற்கத்திய உச்சரிப்பை இழுத்து இழுத்துப் பேசுவது பருவத்தின் பெரும் பொழுதுபோக்கு. ஆனால் விடுதியை நடத்தும் தாய்லாந்துப் பணியாளர்கள் தமக்குள் பேசுவதைத் தொடர் அதிகம் கேட்கவில்லை. காவலாளி கைடோக்கும் அவர் விரும்பும் மூக்கும் கதையில் இருந்தாலும், அவர்களுக்குத் தனித்த சொற்கள் வாய்க்கவில்லை. புன்னகையும் தயக்கமுமே அவர்கள் பங்கு. விருந்தினரைப் பகடி செய்வதாகச் சொல்லும் தொடர், அவர்களைப் போலவே பணியாளரைப் பின்னணியாக்கிவிடுகிறது. ஓரிடம் மட்டும் விதிவிலக்கு. முதல் சீசனில் செல்வச் சீமாட்டி ஒருவர் கூட்டுத் தொழில் ஆசை காட்டிப் பின் கைவிட்ட பெலிண்டா, இம்முறை தம் கைக்குப் பணம் வந்ததும் போர்ன்சாய் என்னும் சகபணியாளரை ஏறக்குறைய அதே விதமாக நழுவவிட்டுப் போகிறார். பணத்தோடு சேர்ந்து பணம் உள்ளவர்களின் சாக்குகளும் ஒருவருக்குக் கைமாறுகின்றன. இத்தகைய இன்னும் சில காட்சிகள் இருந்திருந்தால் இந்தச் சீசன் வேறாக இருந்திருக்கும்.

இறுதியாக, அதிகம் பேசப்படாத 'அபட் எலிமெண்டரி'. ஏபிசியில் பழைய நாட்காட்டியின்படி 2024 அக்டோபரில் தொடங்கி 22 பகுதிகள் வந்த நகைச்சுவைத் தொடரின் நான்காம் சீசன் இது. கதைக்களம் பிலடெல்பியாவின் அரசுப் பள்ளி. லபோவ் பல்லாண்டு பணியாற்றி, பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த அதே நகரம். குவின்டா பிரன்சன் உருவாக்கிய இத்தொடரில் பெரிய நிகழ்வுகள் குறைவு. ஆசிரியர்கள் ஓய்வறையில் வீண்பேச்சுப் பேசுகிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் சுற்றறிக்கை மொழியைக் கேலி செய்கிறார்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் வேறு குரலுக்கு மாறுகிறார்கள். எட்டுப் பகுதிகளில் இதைச் செய்ய முடியாது. வீண்பேச்சுக்கு நேரம் வேண்டும். 22 பகுதிகள் அந்த நேரத்தைத் தருகின்றன. 'தி பிட்' 15 பகுதிகளோடு வந்ததும், ஓராண்டு இடைவெளியில், 2026 ஜனவரியில், திரும்பியதும் இதே காரணத்தால் நல்ல செய்தி. ஒரு வேலையிடத்தின் மொழி காதில் படிய, அவ்விடத்தில் நெடுநேரம் இருக்கவேண்டும்.

சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியைப் பெற்றதும் 'தி பிட்' தான். 'ஈ.ஆர்.' காலத்தில் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் பெறாத விருதை நோவா வைல் இப்போது பெற்றார். பொறுப்புச் செவிலி டேனாவாக நடித்த கேத்தரின் லனாசாவுக்கும் விருது கிடைத்தது. மருத்துவரிடம் ஒரு மொழி, நோயாளியிடம் ஒரு மொழி, குடித்துவிட்டு வந்தவரிடம் வேறொரு மொழி எனக் கணந்தோறும் மாறிக்கொண்டே அந்தப் பிரிவு முழுவதையும் இயக்குபவர் டேனா. அந்தத் திறமைக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கட்டம் இருப்பதில்லை. மொழித் துறை மாணவர்கள் இப்பருவத்தில் ஒரே தொடரைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கலாம். இரண்டாம் முறை பார்க்கையில், டேனா பேசும் இடங்களில் மட்டும் சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.